ஆலை வாயிலில் நின்ற தடி, கைப்பேசிக்குள் புகுந்த செயலி: கடன் கொடுப்போரை விமர்சித்த வரலாறு குறித்து

மாணவர் குழுக்களில் சில ஆண்டுகளாக ஒருவகைப் பட்டியல் சுற்றிவருகிறது. 'இந்தக் கடன் செயலிகளைத் தொடாதீர்கள்' என்ற தலைப்பின் கீழ் முப்பது, நாற்பது பெயர்கள் இருக்கும். தொகுத்தவர் யார், எந்த நாளில் தொகுத்தார், எதன் அடிப்படையில் சேர்த்தார் என்ற குறிப்பு இராது. மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களின் பெயர்களோடு, ரிசர்வ் வங்கியிடம் முறையாகப் பதிவுபெற்ற நிறுவனங்களின் பெயர்களும், பெயர் ஒத்திருப்பதைத் தவிர வேறு தொடர்பில்லாத நிறுவனங்களின் பெயர்களும் அதில் கலந்திருக்கும். பட்டியலைப் பகிர்பவரின் நோக்கம் நல்லது, அதில் ஐயமில்லை. ஆனால் இத்தகைய பட்டியலால் உண்மையான குற்றவாளிக்கு நேரும் இழப்பு மிகக் குறைவு. அவர் அடுத்த வாரம் வேறு பெயரில் கடை விரிப்பார். பட்டியலில் தவறாகச் சேர்க்கப்பட்டவரோ அதைக் காட்டியே, சரியாகச் சேர்க்கப்பட்டவர் மீதான குற்றச்சாட்டுகளையும் பொய்யாக்கிவிடுவார்.

இணையவழிக் கடன் நிறுவனங்களைப் பொதுவெளியில் விமர்சிப்பது தேவையான செயல். அவ்விமர்சனம் நியாயமாகவும் துல்லியமாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லும்போது, அது நிறுவனங்களுக்குக் காட்டும் சலுகை என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. கடன் கொடுப்பவர் யார், எந்த ஊரார், எந்தச் சாதியார் என்று பேசிய விமர்சனங்கள் பெரும்பாலும் வெறுப்பை மட்டுமே விட்டுச் சென்றன. அவர் என்ன செய்கிறார், எந்த வழியில் வசூலிக்கிறார், கணக்கை எப்படி எழுதுகிறார் என்று பேசிய விமர்சனங்களே சட்டமாக மாறின. கடன்பட்டவருக்குப் பயன் தந்தன. கல்கத்தா, பர்மா, தமிழகம் ஆகிய மூன்று இடங்களின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க முயல்கிறேன்.

1. பாலிகஞ்சும் கிஸ்தியும்

தென் கொல்கத்தாவின் பாலிகஞ்ச், கடன் வரலாற்றை எண்ணிப் பார்க்கப் பொருத்தமான இடம். தாரகநாத் பாலித் அளித்த இடத்தில் அமைந்த அறிவியல் கல்லூரி வளாகம் இங்கே உள்ளது. பழைய செல்வக் குடும்பங்களின் மாளிகைகளும் புதிய அடுக்ககங்களும் இங்கேயே உள்ளன. சற்றுத் தொலைவில், லேக் மார்க்கெட்டைச் சுற்றி, பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. விடியற்காலையில் சியால்டா தெற்குப் பிரிவின் மின்தொடர் வண்டிகளில் கானிங், லக்ஷ்மிகாந்தபூர்ப் பக்கங்களிலிருந்து வரும் பெண்கள் பாலிகஞ்ச் நிலையத்தில் இறங்கி, இவ்வீடுகளில் சமையலுக்கும் துப்புரவுக்கும் பிரிந்து செல்கின்றனர்.

இம்மக்கள் ஒரே தெருவில் நடமாடினாலும் அவர்களுக்குக் கிடைக்கும் கடன் ஒன்றல்ல. மாளிகைவாசிக்கு வங்கி தானாக முன்வந்து கடன் அட்டையை நீட்டுகிறது. வண்டியில் வரும் பெண்ணுக்கு நுண்கடன் குழு உண்டு; வாரந்தோறும் செலுத்தும் தவணைக்கு வங்காளத்தில் 'கிஸ்தி' என்று பெயர். தமிழில் அச்சொல் நிலவரியைக் குறித்து, பாளையக்காரர் காலத்தை நமக்கு நினைவூட்டும். இரண்டும் 'தவணைப் பங்கு' என்னும் பொருளுடைய ஒரே அரபுச் சொல்லின் வழிவந்தவை. 2001இல் நுண்கடன் அமைப்பாகத் தொடங்கிய பந்தன், 2015இல் முழு வங்கியாக உயர்ந்தது என்பதிலிருந்து கிஸ்தி முறையின் வீச்சை உணரலாம்.

இவ்விரண்டுக்கும் இடையே நிற்போர் பலர்: விடுதி மாணவர், கடைச் சிப்பந்தி, உணவு விநியோகிப்பவர், மாதக் கடைசியில் மருத்துவச் செலவு வந்துவிட்ட எழுத்தர். ஐந்தாயிரம் ரூபாயை இரண்டு வாரத்துக்கு எந்த வங்கிக் கிளையிலும் கேட்க முடியாது. கேட்டாலும், அச்சிறுதொகைக்கான படிவச் செலவே வட்டியை விஞ்சிவிடும். இந்த இடைவெளியில்தான் செயலி நுழைந்தது. இதனை ஒப்புக்கொள்ளாமல் தொடங்கும் எந்த விமர்சனமும் கடன் வாங்கியவரை மூடர் என்று மறைமுகமாகச் சொல்வதாகவே முடியும். இந்தத் தேவை புதிதன்று. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பும் இதே நகரில் இருந்தது.

2. தடியை விவரித்த ஆணையம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹூக்ளி ஆற்றங்கரைச் சணல் ஆலைகளில் வேலை செய்தோருக்குக் கடன் கொடுத்தவர்களுள் 'காபூலி' எனப்பட்டோர் பெரிதும் பேசப்பட்டனர். ஆப்கானிஸ்தானிலிருந்தும் வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்தும் வந்த பட்டாணியர்களை அச்சொல் பொதுவாகக் குறித்தது. சம்பள நாளன்று ஆலை வாயிலில் கையில் தடியுடன் நிற்கும் உருவம் கல்கத்தாவின் கூட்டு நினைவில் பதிந்துபோனது. அதே கல்கத்தாவில், 1892இல் தாகூர் எழுதிய 'காபூலிவாலா' சிறுகதையில் வரும் ரஹ்மத்தையும் இங்கே நினைவுகூரலாம். அக்கதையில், கடனுக்கு வாங்கிய சால்வைக்கான பணத்தைத் தர மறுத்துப் பொய் சொல்பவர் ஒரு நகரவாசி. ஆத்திரத்தில் கத்தியால் குத்திச் சிறை செல்பவர் ரஹ்மத். இரண்டு பக்கத்திலும் தவறு இருக்கலாம் என்பதைப் புனைவு முன்கூட்டியே அறிந்திருந்தது.

1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த ஜே.எச். விட்லி தலைமையிலான இந்தியத் தொழிலாளர் அரச ஆணையம், இக்கடன் உறவை ஆராய்ந்தது. அதன் முறை கவனிக்கத்தக்கது. முதலில் அது அளந்தது: பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர் குடும்பங்களோ தனிநபர்களோ கடனில் உள்ளனர், பெரும்பாலோரின் கடன் மூன்று மாதக் கூலியைவிட அதிகம். அடுத்து அது விலையைச் சொன்னது: ரூபாய்க்கு மாதம் ஓர் அணா என்பது பரவலான வட்டி. பதினாறு அணா ஒரு ரூபாய் ஆகையால், இது ஆண்டுக்கு 75 விழுக்காடு. வட்டிக்கு வட்டி சேர்த்தால் இன்னும் கூடும். மூன்றாவதாக, கொடுப்பவர் காபூலி மட்டுமல்ல என்று காட்டியது. தொழிலாளரை வேலைக்கு எடுக்கும் சர்தார்களும் வட்டிக்குக் கொடுத்தனர். மளிகைக் கடைக்காரரும் கொடுத்தார். நான்காவதாக, குற்றம் எங்கே இருக்கிறது என்று சுட்டியது: கடனை வசூலிப்பதற்காகத் தொழிற்கூடத்தை முற்றுகையிட்டுச் சுற்றிவருதல். அச்செயலையே தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இந்தப் பரிந்துரையின் வழியில் வந்ததே 1934ஆம் ஆண்டின் வங்காளத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம். கடன் வசூலிக்கும் நோக்கில் தொழிலாளரின் வேலையிடத்தருகே சுற்றித் திரிவதை அது கல்கத்தாவிலும் சுற்றுவட்டாரத் தொழிற்பகுதிகளிலும் தடைசெய்தது. காபூலியாயினும் சர்தாராயினும் மளிகைக்காரராயினும் வாயிலில் நின்றால் குற்றம். நிற்காமல் வழக்கு மன்றத்துக்குச் சென்றால் குற்றமில்லை. மத்திய மாகாணமும் 1937இல் கடனாளிகளைத் துன்புறுத்துதலுக்கு எதிராக ஒரு சட்டம் இயற்றியது.

அடுத்து வந்தது 1940ஆம் ஆண்டின் வங்காள வட்டிக்கடையர் சட்டம். ஃபஸ்லுல் ஹக் அமைச்சரவைக் காலத்தில் இயற்றப்பட்ட அச்சட்டம், கடன் கொடுக்க உரிமம் வேண்டும் என்றது. ஈடு வைத்த கடனுக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடும், ஈடில்லாக் கடனுக்கு 10 விழுக்காடும் தனிவட்டி உச்சவரம்பு என்றது. எவ்வளவு காலம் ஆனாலும் அசலும் வட்டியும் சேர்ந்து அசலின் இருமடங்கைத் தாண்டக்கூடாது என்றது. இதனை எதிர்த்துச் சென்ற வழக்கில், கடன் உறுதிச் சீட்டுகளும் வங்கித் தொழிலும் மத்திய அதிகாரத்துக்கு உட்பட்டவை, ஆகவே மாகாணச் சட்டம் செல்லாது என்று வாதிடப்பட்டது. லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1947இல் அவ்வாதத்தை ஏற்கவில்லை. சட்டத்தின் சாரம் வட்டித் தொழிலே என்றும், பிற பொருள்களை அது தொடுவது இடைநிகழ்வானது என்றும் தீர்ப்பளித்தது. பிரபுல்ல குமார் முகர்ஜி எதிர் குல்னா வணிக வங்கி என்ற அவ்வழக்கை அரசியலமைப்புச் சட்ட மாணவர்கள் அனைவரும் இன்றும் படிக்கின்றனர். அவ்வழக்கின் பின்புலத்தில் கிழக்கு வங்காளத்துக் கடனாளி ஒருவர் நின்றதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

3. பர்மாவில் நாம் எதிர்ப்பக்கத்தில் நின்றபோது

கடன் கொடுப்பவரை அவரது இனத்தைக் கொண்டு விமர்சிப்பதன் விளைவைத் தமிழர்கள் பிற சமூகங்களைவிட நன்கு அறிந்திருக்க வேண்டும். கல்கத்தாவில் காபூலிக்கு இருந்த இடம், பர்மாவில் நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கு இருந்தது.

1929–30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு நகரத்தாரின் தொழிலை விரிவாக ஆராய்ந்தது. அக்குழு கண்ட சித்திரம் பொதுமக்கள் மனத்திலிருந்த சித்திரத்தோடு ஒத்துப்போகவில்லை. செட்டியாரின் வட்டி பிற உள்ளூர்க் கடன்காரர்களின் வட்டியைவிடப் பொதுவாகக் குறைவு. அவரிடம் வாங்கி மறுகடனாகக் கொடுத்தவரே அதிக வட்டி பெற்றார். செட்டியாருக்கும் பின்னால் பிரிட்டானிய வங்கிகள் இருந்தன. கீழ்ப் பர்மாவின் நெல்வயல் விரிவுக்கு மூலதனம் வந்த வழி இதுவே.

ஆனால் அம்முறைக்குள் ஒரு பெரும் ஆபத்து இருந்தது: நிலமே ஈடு, நெல்லின் விலையே கடனைத் திருப்பும் வழி. 1930இல் உலக மந்தத்தில் நெல் விலை வீழ்ந்ததும் ஈடுகள் முழுகின. 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார் வசம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடாயிற்று. பணமாகத் திரும்ப வேண்டியது நிலமாக வந்து சேர்ந்ததைச் செட்டியார்களே விரும்பவில்லை. எனினும் உழவருக்கு ஏற்பட்ட இழப்பு உண்மையானது. நிலம் இழந்தவர்முன் 'எங்கள் வட்டி குறைவு' என்ற வாதம் செல்லாது.

நியாயமான விமர்சனம் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்: ஒற்றைப் பயிர், ஒற்றை ஈடு, விலை வீழ்ந்தால் இடர் முழுவதும் உழவர் தலையில். அரசியல் மேடைகளில் ஒலித்ததோ 'செட்டி' என்ற சொல். பிரிட்டானிய வங்கிகளின் பங்கும், ஏற்றுமதி ஆலைகளின் விலை நிர்ணயமும், குடியேற்ற அரசின் நிலக்கொள்கையும் அச்சொல்லின் நிழலில் மறைந்துகொண்டன. 1941–42இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது நகரத்தார் பர்மாவை விட்டு வெளியேறினர். 1948இன் நில நாட்டுடைமைச் சட்டத்துக்குப்பின் நிலங்களும் கைவிட்டுப் போயின. ஆனால் கடன் கொடுத்தவர் வெளியேறியதால் உழவரின் கடன் தேவை தீரவில்லை. இடர் உழவர் மீதே விழும் அமைப்பும் அவரோடு வெளியேறவில்லை.

4. தமிழகம் வட்டிக்கு வைத்த பெயர்கள்

தமிழக அனுபவம் வேறொரு பாடம் தருகிறது. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம், குற்றவாளியை வரையறுக்கவில்லை. வட்டி வாங்கும் முறைகளை வரையறுத்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகிய சொற்கள் சந்தையிலிருந்து நேராகச் சட்டப் புத்தகத்துக்குள் வந்தன. காய்கறிக் கடை வைத்திருப்பவர் காலையில் வாங்கி மாலையில் திருப்பும் கடனுக்கும், தவணை தவறியதும் வாடகை வண்டியின் மீட்டரைப் போல ஏறிக்கொண்டே போகும் கடனுக்கும் மக்கள் தாமே பெயர் வைத்திருந்தனர். சட்டம் அவற்றைக் கடன் வாங்கிக்கொண்டது. மூன்றாண்டு வரை சிறையும் முப்பதாயிரம் ரூபாய் வரை தண்டமும் அது விதித்தது.

அச்சட்டம் நடைமுறையில் எவ்வளவு வென்றது என்பது தனி ஆய்வுக்குரியது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்கிரையானதை நாம் மறக்கவியலாது. சட்டம் இருந்தும் புகார் செவிமடுக்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அது சான்று. எனினும் விமர்சனத்தின் மொழி என்ற நோக்கில் 2003 சட்டம் முக்கியமானது. 'அவன் அநியாயக்காரன்' என்பதைவிட 'அவர் மீட்டர் வட்டி வாங்குகிறார்' என்பது வலிமையான வாக்கியம். முன்னதை மறுப்பது எளிது. பின்னதை மறுக்க வேண்டுமானால் கணக்கைக் காட்ட வேண்டும்.

5. செயலிக்குள் இருந்த வாயில்

2020இல் ஊரடங்கு வந்தது; நாள் வருமானம் நின்றது; உடனடிக் கடன் செயலிகள் பெருகின. அவ்வாண்டின் இறுதியில் தெலங்கானாவில் அடுத்தடுத்து நேர்ந்த தற்கொலைகளும், அதன்பின் அம்மாநிலக் காவல்துறை மேற்கொண்ட கைதுகளும் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. டிசம்பர் 23 அன்று ரிசர்வ் வங்கி எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. 2021 சனவரியில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. குழுவின் அறிக்கை அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது. இந்தியப் பயனர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டத்துக்குப் புறம்பானவை என்று அது கண்டது. ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்துக்கு 2020 சனவரி முதல் 2021 மார்ச் வரை சுமார் 2,562 புகார்கள் வந்திருந்தன.

அப்போது பொதுவெளியில் அதிகம் ஒலித்த சொல் 'சீனச் செயலி'. சில நிறுவனங்களுக்குப் பின்னால் சீன முதலீடும் சீன நாட்டவரும் இருந்தது விசாரணைகளில் வெளிப்பட்டது உண்மையே. ஆனால் அச்சொல் மறைத்தவை அதிகம். தொலைபேசியில் மிரட்டியவர்கள் பெரும்பாலும் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட நம் நாட்டு இளைஞர்கள். செயலிக்குத் தன் உரிமத்தின் நிழலைத் தந்தது பல சமயம் இந்தியாவில் பதிவுபெற்ற வங்கிசாரா நிதி நிறுவனம். பணம் பாய்ந்தது நம்முடைய பணப்பரிமாற்றத் தளங்கள் வழியே. 'காபூலி', 'செட்டி' என்ற சொற்கள் முன்பு செய்த வேலையை இச்சொல்லும் செய்தது.

இதற்கு நேர்மாறாக, தகவல் தொழில்நுட்பம் அறிந்த தன்னார்வலர்கள் சிலர் வேறொரு வேலையைச் செய்தனர். 'கேஷ்லெஸ் கன்ஸ்யூமர்' போன்ற நுகர்வோர் கூட்டமைப்பினர் செயலிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தனர்: எந்த அனுமதிகளைக் கேட்கிறது, பின்னால் உரிமம் பெற்ற நிறுவனம் உண்டா, தொடர்புகொள்ள முகவரி உண்டா என்று பட்டியலிட்டனர். அரச ஆணையம் ஆலை வாயிலில் செய்ததை இவர்கள் கைப்பேசிக்குள் செய்தனர் எனலாம். அங்கே கண்டறியப்பட்ட தடி, 'தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி' என்ற ஒரு பொத்தான். கடன்பட்டவரின் தாய், மேலாளர், பேராசிரியர், பழைய தோழி ஆகிய அனைவரின் எண்ணும் அப்பொத்தானால் கடன் கொடுத்தவர் கைக்குச் சென்றன. தடியுடன் வாயிலில் நின்றவர் கடனாளியின் சக தொழிலாளர்முன் மட்டுமே அவரை அவமதிக்க முடிந்தது. செயலியோ அவர் அறிந்த அனைவரின் முன்னிலையிலும் நிறுத்தியது.

இரண்டாவது கண்டுபிடிப்பு விலை பற்றியது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். கடன் 5,000 ரூபாய், தவணை ஏழு நாள் என்று செயலி சொல்கிறது. 'செயலாக்கக் கட்டணம்' என்று 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 3,500 ரூபாயைத் தருகிறது. ஏழாம் நாள் 5,000 ரூபாய் திருப்ப வேண்டும். காகிதத்தில் வட்டி மிகச் சிறியதாகவோ பூச்சியமாகவோகூட இருக்கலாம். உண்மையில் கைக்கு வந்த 3,500 ரூபாய்க்கு ஒரு வாரச் செலவு 1,500 ரூபாய். அதாவது வாரத்துக்குச் சுமார் 43 விழுக்காடு. தனிவட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 2,200 விழுக்காட்டுக்கும் மேல். 1931இன் ஓரணா வட்டியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ முப்பது மடங்கு. 'கொள்ளை வட்டி' என்று எழுதுவதைவிட இந்த நான்கு வரிக் கணக்கை எழுதுவது வாசகருக்கும் அதிகாரிக்கும் பயன் தரும்.

2022 செப்டம்பர் 2 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட இணையவழிக் கடன் நெறிமுறைகளைப் படித்தால், இவ்விரண்டு கண்டுபிடிப்புகளும் விதிகளாக மாறியிருப்பதைக் காணலாம். பணம் கடன் பெறுபவரின் வங்கிக் கணக்குக்கும் உரிமம் பெற்ற நிறுவனத்தின் கணக்குக்கும் இடையே நேராகச் செல்ல வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு விழுக்காட்டைச் சொல்லும் முதன்மை விவர அறிக்கையைக் கடனுக்கு முன்பே தர வேண்டும். கைப்பேசியின் கோப்புகள், தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது. மனம் மாறினால் தண்டமின்றி வெளியேறச் சிறிது காலம் தர வேண்டும். 2025இல் இவை ஒருங்கிணைந்த கட்டளைகளாக்கப்பட்டன. உரிமம் பெற்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் செயலிகளின் பட்டியலும் ரிசர்வ் வங்கித் தளத்தில் இடம்பெற்றது. தமிழகச் சட்டமன்றமும் 2025 ஏப்ரலில் கட்டாய வசூலுக்கு எதிரான மசோதா ஒன்றை நிறைவேற்றியது.

உரிமம் இருப்பதாலேயே ஒரு நிறுவனம் குற்றமற்றதாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில், 'கேஷ்பீன்' செயலியை நடத்திய பிசி ஃபைனான்சியல் சர்வீசஸ் நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழை ரிசர்வ் வங்கி ரத்து செய்தது. வெளிப்பணி ஒப்படைப்பு விதிகளையும் வாடிக்கையாளரை அறிதல் விதிகளையும் மீறியமை, ஒளிவுமறைவான முறையில் மிகை வட்டி வாங்கியமை, வசூலுக்காக ரிசர்வ் வங்கியின் சின்னத்தையும் மத்தியப் புலனாய்வுத் துறையின் சின்னத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியமை ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. அந்த அறிவிப்பில் வசைச்சொல் ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு நிறுவனத்தின் தொழிலை முடித்துவைக்க அது போதுமானதாயிருந்தது.

6. அவதூறுச் சட்டமும் கல்கத்தாவில் எழுதப்பட்டதே

விமர்சகருக்கு இருக்கும் அச்சம் நியாயமானது. நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் வழக்கறிஞர் அறிவிப்பு வரும். இவ்வச்சத்துக்கும் கல்கத்தாவோடு பழைய உறவு உண்டு. 1780 சனவரி 29 அன்று இந்தியாவின் முதல் அச்சுச் செய்தித்தாளாகக் கருதப்படும் வார இதழைத் தொடங்கிய ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கடனுக்காகச் சிறையில் கிடந்தவர். கம்பெனி அதிகாரிகளின் ஊழலை அவர் எழுதினார். கூடவே தனிமனிதர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டி ஏளனமும் செய்தார். 1781இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தரப்பு தொடுத்த அவதூறு வழக்குகளில் தண்டிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அச்சுப்பொறியும் பறிபோயிற்று. அதிகாரம் அவரை நசுக்கியது என்பதே அங்கு முதன்மையான செய்தி. ஊழல் குற்றச்சாட்டுகளுக்கு விடை சொல்லத் தேவையின்றியே அதைச் செய்துமுடிக்க அவருடைய ஏளனங்கள் உதவின என்பதும் உண்மை.

மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் இதே நகரில் அமர்ந்து 1837இல் அளித்த வரைவில், சொன்னது உண்மை என்பதே அவதூறுக்குப் போதுமான மறுமொழியாக இருந்தது. 1860இல் நிறைவேறிய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவோ, உண்மையாக இருப்பதோடு பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும் என்று கட்டியது. நிறுவனத்துக்கும் அவதூறு நேரலாம் என்று அதன் விளக்கம் சொல்கிறது. பொதுப் பிரச்சினையைத் தொடும் நடத்தை குறித்து நல்லெண்ணத்துடன் கருத்துச் சொல்வதும், தன் நலத்தையோ பிறர் நலத்தையோ காக்க நல்லெண்ணத்துடன் குற்றஞ்சாட்டுவதும் விதிவிலக்குகளாயின. 2016இல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைச் செல்லுபடியாக்கியது. 2024 சூலை 1 முதல் பாரதீய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இது தொடர்கிறது. சட்ட நோக்கில் 'நல்லெண்ணம்' என்பது மனத்தூய்மை மட்டுமன்று. உரிய கவனமும் அதில் அடங்கும். எனவே துல்லியமே விமர்சகரின் கவசமாகிறது.

7. நம் கையில் உள்ளவை

இவ்வரலாற்றிலிருந்து நம் மாணவர் குழுக்களுக்குப் பெறத்தக்க நடைமுறைகள் சில உண்டு.

செயலியின் பெயரையும், அதன் பின்னாலுள்ள நிறுவனத்தின் முழுப் பதிவுப் பெயரையும் பிரித்து எழுதுக. ரிசர்வ் வங்கியின் பட்டியல்களோடு ஒப்பிட்ட பின்னரே 'உரிமமற்றது' என்று சொல்க. ஒப்பிட்ட நாளையும் குறிப்பிடுக. கைக்கு வந்த தொகை, திருப்பிய தொகை, நாள்கள் ஆகிய மூன்றையும் எழுதுக, அடைமொழிகள் வேண்டா. தாம் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, ஊகம் எது என்று வேறுபடுத்துக. திரைப்பிடிப்பை வெளியிடும்போது கடன் வாங்கியவரின் பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுக. அவரை அவமானத்திலிருந்து காக்கத் தொடங்கிய பதிவு, அவமானத்தைத் தானே பரப்பிவிடக்கூடாது. நிறுவனம் விடையளித்தால் அதனையும் வெளியிடுக. குறை சரிசெய்யப்பட்டால் அதனையும் சேர்க்க. நேர்மையாக நடக்கும் நிறுவனத்துக்கு இது உரிய நீதி. நடக்காத நிறுவனத்துக்கோ தப்பிக்க வழி தராத பதிவு. உரிமம் பெற்ற நிறுவனம் புகாருக்கு முப்பது நாளில் தக்க விடை தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். உரிமமற்றதாயின் சசேத் தளமும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணும் உள்ளன.

யாரேனும் இப்போது மிரட்டலுக்கு உள்ளாகியிருந்தால், மேற்சொன்ன எதையும் செய்வதற்கு முன் ஒருவரிடமாவது வாய்திறந்து சொல்லுங்கள்: நண்பர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர், யாராயினும் சரி. கடனாளி தன் நிலையை எவரிடமும் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அந்த மிரட்டல் தொழில் நடக்கிறது.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலை வாயிலின் கடனை நாம் இன்று அறிவதற்குக் காரணம், 1930களில் சிலர் அமர்ந்து எண்ணி எழுதிவைத்தமையே. கிஸ்தி கட்டும் பெண்களும் செயலியில் சிக்கிய மாணவர்களும் தரும் கணக்குகளை, பெயர் மறைத்து, தேதியிட்டு, முறையாகத் தொகுப்போர் நம்மிடையே மிகச் சிலர். பாலிகஞ்ச் வளாகத்திலோ தமிழகப் பல்கலைக்கழகங்களிலோ இத்தகைய தொகுப்பில் ஈடுபட விழைவோர் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். என்னென்ன விவரங்களைக் கேட்டுப் பதிவுசெய்வது என்பதற்கான படிவத்தைச் சேர்ந்து வரைவோம்.